இலையைப் புரட்டிப் பார்

மருந்துக்கடை வாசலில் நிற்கிற இளம் பிள்ளைகளின் கையில் ஒரு வாடிய இலை இருக்கும். இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் அதன் படம் இருக்கும். "இதுக்கு என்ன அடிக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். "இது என்ன?" என்று கேட்கிற பிள்ளையைக் காண்பது அரிது. கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து வைப்பார், காசு கைமாறும், பின்னேரமே மருந்தடிக்கிற மெசின் முதுகில் ஏறிவிடும். அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் உழைப்புக்குப் பயந்தவர்கள் இல்லை. அந்தரப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

விசுவமடு, உடையார்கட்டு, முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் இப்போது ஏக்கர் கணக்கில் பூசணி போடுகிறார்கள். மிளகாயைப் போல நாள்தோறும் ஆள் பிடித்து ஆய வேண்டியதில்லை. தக்காளியைப் போல இரண்டு நாளில் அழுகுவதுமில்லை. நான் இந்த மண்ணுக்கு வந்தது படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில். 1970க்குப் பிறகு இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில் வன்னி மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போனதைக் கண்டோம். 1977இல் கதவைத் திறந்து விட்டதும் அந்த விலை சரிந்ததையும் கண்டோம். அந்த ஏற்ற இறக்கங்களுக்குள் வரம்போரத்திலும் கிணற்றடியிலும் பூசணி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலம் போக, என் காணியில் பூசணி இல்லாத போகம் இல்லை.

பூசணியில் நோய் என்று பிள்ளைகள் கொண்டு வருகிறவற்றில் பாதி நோயே இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்ற சிறுபோகத்தில் பக்கத்துக் காணிப் பெடியன் உச்சி வெயிலுக்குள் மோட்டரைப் போட ஓடினான். "அப்பு, கொடி முழுக்கச் சோர்ந்து போய்க் கிடக்கு. தண்ணி விடாட்டிச் செத்துப்போம்" என்றான். "தம்பி, இப்ப விடாதை. பின்னேரம் வந்து பார். அப்பவும் உப்பிடியே கிடந்தால் நானே மோட்டரைப் போட்டு விடுறன்" என்றேன். பொழுது சாயும் நேரம் இலைகள் எல்லாம் குடையாக நிமிர்ந்து நின்றன. பூசணி இலை அகலமானது. சித்திரை, வைகாசி வெயிலில் வேர் உறிஞ்சிக் கொடுக்கிறதிலும் கூடுதலான நீர் இலையால் ஆவியாகிப் போகும். அதைக் குறைக்கத்தான் கொடி இலையைத் தொங்கப் போடுகிறது. விடியப்புறம் போய்ப் பாருங்கள். அப்போதும் சோர்ந்து கிடந்தால்தான் ஏதோ பிழை. உடனே விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் இறைப்புக் காணாது. ஈரமாக இருந்தும் கொடி சோர்ந்திருந்தால் வேரைக் கிண்டிப் பார்க்க வேண்டும். மத்தியானச் சோர்வுக்கு நாள்தோறும் தண்ணீர் விட்டால் அடித்தண்டு அழுகி, இல்லாத நோயை நாங்களே உண்டாக்கிவிடுவோம்.

அடுத்தது வெள்ளைப் புள்ளி. எங்கள் பூசணி இலையில் நரம்புகள் பிரிகிற இடங்களில் வெள்ளி பூசினதுபோலத் திட்டுகள் இருக்கும். அது அந்தச் சாதியின் பிறவிக் குணம். பூஞ்சணம் என்று நினைத்து அதற்கு மருந்தடித்தவர்கள் பலர். விரலால் அழுத்தித் தேயுங்கள். மாப்போல விரலில் ஒட்டினால் பூஞ்சணம். ஒட்டாவிட்டால் கொடி சுகமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம். பூஞ்சணம் நரம்பைப் பார்த்து வராது. பழைய இலையில் வட்டம் வட்டமாகத் தொடங்கிப் பரவும். இன்னொரு வகை இருக்கிறது. இலையின் மேற்பக்கம் மஞ்சள் திட்டுகள் நரம்புக்கு நரம்பு கட்டம் போட்டதுபோல நிற்கும். பனி காயமுதல் அந்த இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் அந்த அடையாளம் மங்கிப்போகும். இரண்டுக்கும் மருந்து வேறு. மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு எது கிடைத்தாலும் அதிர்ஷ்டம்தான்.

பூ உதிர்வதைக் கண்டு கலங்குகிற பிள்ளைகளும் உண்டு. பூசணியில் முதலில் வருவது ஆண்பூ. அது விரிந்து ஒரு காலை இருந்து உதிர்ந்துவிடும். அதுதான் அதன் வேலை. பிறகுதான் பெண்பூ வரும். பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவதால் அதைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை. அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மட்டும் யோசியுங்கள். பெரும்பாலும் மகரந்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பூ விடியலில் விரியும், வெயில் ஏற மூடிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தேனீ வர வேண்டும். அந்த நேரம் பார்த்து மருந்தடிக்கிற காணியில் தேனீ எங்கே வரும்? அடிக்கத்தான் வேண்டுமென்றால் பின்னேரம், பூ மூடின பிறகு அடியுங்கள். மழைக் காலத்தில் தேனீ குறைவு. அப்போது நான் விடியப்புறம் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு விடுவேன். ஏக்கர் முழுக்க அப்படிச் செய்ய இயலாது. ஆனால் ஒரு மூலையில் செய்து பார்த்தால், குறை கொடியிலா தேனீயிலா என்று தெரிந்துவிடும். யூரியாவை அள்ளிப் போட்ட காணியில் இலை காடாகத் தழைத்துக் காய் குறைந்து நிற்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உண்மையான எதிரிகளும் இருக்கின்றன. செம்மஞ்சள் வண்டு இரட்டை இலைப் பருவத்திலேயே வந்து சல்லடையாக்கிவிடும். பனியில் நனைந்து மந்தமாகக் கிடக்கிற விடியலில் அதைக் கையால் பிடிக்கலாம், இலையில் அடுப்புச் சாம்பல் தூவலாம். கொடி ஓடத் தொடங்கிய பிறகு அதனால் பெரிய சேதம் இல்லை. பழ ஈ அப்படியில்லை. பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும், புழு உள்ளே இருந்து தின்னும். புழு உள்ளே போன பிறகு மேலே எவ்வளவு அடித்தும் பயன் என்ன? விழுந்த பிஞ்சை வரம்பில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் கூடு கட்டி, அடுத்த ஈயாகப் பறந்து வரும். பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள், அல்லது பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். ஆண் ஈயைப் பிடிக்கிற பொறிகளைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அடுத்தடுத்த காணிக்காரர் சேர்ந்து வைத்தால்தான் அது பயன் தரும். யானை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி பற்றி வன்னிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

வைரஸ் நோயைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே மனம் பாரமாகும். கொழுந்து இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளும் கலந்து கொப்புளித்து நிற்கும். புரட்டினால் அழுக்கணவன் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும். சில வேளை வெண் ஈ எழும்பிப் பறக்கும். வைரசைக் கொல்கிற மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அந்தக் கொடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், அன்றைக்கே. பிஞ்சு பிடித்திருந்தாலும் பிடுங்க வேண்டும். மற்றக் கொடிகளில் தொடமுதல் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நான் பொறுமை சொல்லித் தருகிறேன் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்கிறேன்: பார்த்துத் தெளிந்த பிறகு ஒரு நாளும் பிந்தக் கூடாது. மத்தியானச் சோர்வுக்குக் காத்திருக்கத் தெரிந்த கைதான் நோய்க் கொடியைப் பிடுங்கவும் தயங்காது, ஏனென்றால் எது எது என்று அதற்குத் தெரியும்.

கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு ஒக்ரோபர் முடிவிலும் படம் அனுப்புவார்கள். பூசணியில் கண்ணும் பல்லும் செதுக்கி உள்ளே விளக்கு வைத்திருப்பார்கள். ஹலோவீனுக்கென்றே அங்கே பெரிய பெரிய வயல்களில் அதைப் பயிரிடுகிறார்கள். அது வேறு சாதி, சதை மெல்லியது, உட்புறம் வெறுமை. சமைக்கத் தகரத்தில் அடைக்கிற பூசணிக்குப் பேர்போனது அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மோர்ட்டன் ஊர். அங்கே விளைவது எங்கள் பூசணியின் சாதிதான். பூசணி பிறந்ததே அந்தக் கண்டத்தில்தானே. மாப்போல ஒட்டுகிற வெண்தூள் பூஞ்சணம் அந்தப் பக்கத்துப் பூசணி வயல்களையும் விடவில்லை. செதுக்குகிற காயில் காம்பு முறிந்தால் அங்கே விலை போகாது என்று பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். இங்கேயும் காம்பைக் கவனியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். முறிந்த இடத்தால்தான் அழுகல் உள்ளே போகும்.

2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காணிகள் மூழ்கியபோது எந்தக் கவனமும் உதவவில்லை. அதை மறைக்க மாட்டேன். மாரிப் பூசணி போடுகிறவர்கள் மேட்டுத் தறையைத் தெரிந்து, காய்க்குக் கீழே வைக்கோலோ காய்ந்த ஓலையோ போடுங்கள். செய்யக்கூடியது அவ்வளவுதான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தபோது, மாட்டுப்பட்டி வைத்திருந்த வீடுகளில் பூசணிக் குழிக்கு எருவாவது இருந்தது. நடுகிறதற்கு முன்பே குழிக்குள் மக்கிய எருவைப் போட்டு மூடி வைக்கிற பழக்கத்தை விடாதீர்கள்.

காம்பு காய்ந்து தக்கைபோல ஆனதும், நகம் தோலில் இறங்காததும் வெட்டுகிற பருவம். இரண்டு விரல் நீளக் காம்போடு கத்தியால் வெட்டுங்கள், முறுக்கி இழுக்காதீர்கள். காற்றோட்டமான கொட்டிலில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். ஆகவே முதல் லொறிக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. தம்புள்ளையில் அன்றைக்கு என்ன விலை என்று போனில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். எல்லாரும் ஒரே கிழமையில் விதைத்தால் எல்லாருடைய காயும் ஒரே கிழமையில் சந்தைக்கு வரும். பக்கத்துக் காணிக்காரரோடு கதைத்து இரண்டு மூன்று கிழமை விட்டு விட்டு நடுங்கள். வெட்டி முடிந்த கொடியைக் காணியில் விட்டு வைக்க வேண்டாம், அழுக்கணவனும் பூஞ்சணமும் அதிலிருந்துதான் மற்றக் கொடிகளுக்குப் போகும். வாரி அள்ளி எரித்துவிட்டு, அந்தத் துண்டில் உழுந்தோ பயறோ கச்சானோ போடுங்கள். பூசணியை மற்றத் துண்டுக்கு மாற்றுங்கள்.