உம்மா வீட்டுக்கு ஒரு மின்கார்ப் பயணம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் உம்மா வீட்டுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கு வந்த எங்கள் மின்கார் முதலில் இதைப் பொருட்படுத்தியதில்லை. பற்றரிக்கும் வயதாகுமல்லவா?

2022 மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணித்தியாலமாயிற்று. பெற்றோலுக்குக் காத்து நின்றவர்கள், "உங்களுக்கென்ன, வரிசையே இல்லை" என்றார்கள். சகோதரிகளே, எங்கள் வரிசை வீட்டுக்குள் இருந்தது! கரண்ட் வந்தால் தண்ணீர் மோட்டாருக்கா, ஃப்ரிட்ஜுக்கா, காருக்கா? சாதாரண பிளக்கில் கார் நிறைய ஓர் இரவு முழுக்க வேண்டும்.

அந்த நோன்பில் ஒரு பின்னேரம், உம்மாவின் இன்சுலினை ஐஸ் பையில் வைத்துப் புறப்பட்டேன். ஏசி போடவில்லை. காலி வீதியில் பெற்றோல் வரிசை ஒரு பக்கத்தை அடைத்துக் கிடந்தது. புறக்கோட்டையில் வழக்கமான நெரிசல். நல்லவேளை, மின்கார் நிற்கும்போது எஞ்சின் வீணாக ஓடுவதில்லை. பிரேக் பிடித்தால் கொஞ்சம் மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும். அன்று அந்தக் கொஞ்சமும் பெரிதாயிருந்தது.

உம்மாவுக்கு மின்கார் ஒரு புதினமே இல்லை. "கிராண்ட்பாஸுக்குக் கரண்டில ட்ராம் ஓடின ஊர் இது. சின்ன வயசில நாங்க போயிருக்கிறோம்" என்றார். உண்மைதான். 1899இல் தொடங்கிய மின்சார ட்ராம் 1960இல்தான் கொழும்பில் நின்றது.

திரும்பிப் போகச் சார்ஜ் போதவில்லை. இரவு கரண்ட் வந்ததும் நான் மின்விசிறியைப் போட எழுந்தேன்.

"அது கிடக்கட்டும் மகள், முதல்ல காருக்கு வயரைக் குடுங்க" என்றார் உம்மா.