எத்தனை பேர்?



திருத்துவ ஞாயிறுக்கு முந்திய வாரத்தில், திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "ஐயா, இங்கிலீஷில் 'த்ரீ பர்சன்ஸ்' என்கிறார்களே, அப்படியானால் கடவுள் மூன்று ஆளா?" மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது சிரிப்புக்குரிய கேள்வி அன்று. சபைப் பிதாக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிய கேள்வி அது.

'பர்சன்' என்னும் சொல் லத்தீன் மொழியின் 'பெர்சோனா'விலிருந்து பிறந்தது. மேடையில் நடிகன் அணிந்த முகமூடிக்கு அப்பெயர் வழங்கியது. பின்பு அவன் ஏற்ற வேடத்துக்கும், நீதிமன்றத்தின் முன் ஒருவனுக்குள்ள நிலைக்கும் பெயராயிற்று. கார்த்தேஜ் பட்டணத்துத் தெர்த்துல்லியன், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிதா குமாரன் பரிசுத்த ஆவியைக் குறித்து எழுதுகையில் இச்சொல்லை எடுத்தாண்டார். ஆபத்தான சொல்தான். ஒரே கடவுள் மூன்று வேடங்களில் மாறி மாறித் தோன்றுகிறார் என்று போதித்தவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். முகமூடி என்ற சொல் அவர்களுக்கு வசதியானது. ஆயினும் சபை அச்சொல்லைக் கைவிடவில்லை. 451ஆம் ஆண்டில் கல்செதோன் சங்கம், கிறிஸ்துவில் இரு தன்மைகளும் ஒரே 'பர்சனும்' உண்டென்று அறிக்கையிட்டது. முகமூடியைக் குறித்த சொல், மறைக்கப்பட முடியாத ஒருவரைக் குறிக்கும் சொல்லாக அதற்குள் மாறியிருந்தது. நம் முன்னோர் அதனைத் தமிழில் 'ஆள்தத்துவம்' என்றார்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். பிதா தனியே நின்று பிதாவாக இருக்கவில்லை. குமாரன் இருப்பதாலேயே அவர் பிதா. ஆகவே கடவுளில் 'பர்சன்' என்பது பிறரோடுள்ள உறவினால் அறியப்படுவது. தனித்தனியே வரிசையில் நிற்கும் மூன்று ஆட்களைப்போல் எண்ணப்படுவது அன்று. செய்தித்தாள்கள் எழுதும் 'தனிநபர்' என்ற சொல் இதற்கு நெடுந்தூரம்.

(ஒரு வேடிக்கை: ஆங்கிலேயர் குருவானவரை 'பார்சன்' என்பதும் இதே சொல்லின் மறுவடிவம். திருச்சபையின் 'பெர்சோனா'வாகச் சட்டத்தின் முன் நின்றவர் அவர் என்பதால் வந்த பெயர்.)

நம்முடைய 'ஆள்' என்ற சொல்லையும் சற்றே நிதானித்துப் பார்ப்போம். அது வினையானால் ஆளுதல், அரசாளுதல். பெயரானால் வேலைக்காரன். பண்ணையாள், படியாள், கூலியாள். ஒரு மனிதனை அடிமையாக எழுதிக்கொடுத்த பத்திரத்துக்கு 'ஆளோலை' என்று நம் மொழியில் ஒரு சொல்லே உண்டு. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின்மேல் எஜமானுக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. கடனுக்காக மனிதரைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. இடையில் 133 ஆண்டுகள். சட்டம் மாறியும் பேச்சு மாறவில்லை. நம் சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தின் வாசலில் நின்று கேளுங்கள்: "அந்த ஆள் வரல, வேற ஆளப் போடு." தறிக்குத் தேவை இரண்டு கைகள்; அவை யாருடையவை என்பது கணக்கில் வருவதில்லை. வடமாநிலத்திலிருந்து வந்தவர்களானால் 'வடக்கத்தி ஆள்' என்ற ஒரே பெயர் அத்தனை பேருக்கும் போதுமானதாகிவிடுகிறது. நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவோ, உயிரையும் உரிமையையும் காக்கும்போது 'குடிமகன்' என்று எழுதாமல் 'பர்சன்' என்றே எழுதிற்று. வந்தவன் எவனாயினும் அதனுள் அடங்குவான்.

பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனங்கள். ஒநேசிமு என்ற அடிமையின் பெயருக்கே 'பிரயோஜனமுள்ளவன்' என்பதுதான் பொருள். எஜமானர்கள் தங்கள் அடிமைகளுக்கு இட்ட பெயர்களில் அதுவும் ஒன்று. பயன் இருக்கும்வரை பெயர், அவ்வளவே. பவுல் அந்தப் பெயரை வைத்தே சிலேடையாக எழுதுகிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. என்னை ஏற்பதுபோல அவனை ஏற்றுக்கொள் என்கிறார்; அவன் பட்ட கடன் ஏதேனும் இருந்தால் தாமே செலுத்துவதாகத் தம் கையினால் எழுதிக்கொடுக்கிறார். முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பவர்களும், முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களும் நம் சபைகளில் ஒரே பந்தியில் முழங்காற்படியிடுகிறோம். அவர்களுக்கு இந்த நிருபத்தைவிடக் கடினமான வேதபாகத்தை நான் அறியேன்.

இதற்கு மாறாக, நம் மொழி நமக்கு மற்றொரு சொல்லையும் தந்திருக்கிறது. மனிதரை எண்ணும்போது நாம் 'பத்துப் பேர்' என்கிறோம். பேர் என்பது பெயர். ஆடுகளை உருப்படி என்று எண்ணுகிற நாம், மனிதரைப் பெயர் பெயராக எண்ணுகிறோம். நினைத்துப் பார்க்காமல் அன்றாடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆடுகளையே பேர்சொல்லிக் கூப்பிடும் மேய்ப்பனைப் பற்றி ஆண்டவர் சொன்னது தமிழனுக்கு எளிதில் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் கண்ணை மூடியவுடன் என்ன ஆகிறது? நேற்றுவரை பேர் உள்ளவராக இருந்தவரை, "பாடி எப்ப வருது?" என்று கேட்கிறோம். அடக்க ஆராதனைக்குப் போகும் வீடுகளில் இச்சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு மனம் கூசுகிறது. பிள்ளைகள் எதிரிலேயே கேட்கிறோம்.

ஆறாம் நூற்றாண்டில் போயெத்தியஸ் என்னும் அறிஞர், பகுத்தறியும் இயல்புடைய தனிப்பொருளே 'பர்சன்' என்று இலக்கணம் வகுத்தார். இறையியல் கல்லூரியில் நாங்கள் அதை மனனம் செய்தோம். பகுத்தறிவு கலைந்துபோன ஒரு தாயாரின் படுக்கையருகே நிற்கும்போது அந்த இலக்கணம் குளிர்ந்துபோகிறது. தன் மகனை யாரென்று அறியாத, தன் பெயரையும் மறந்துவிட்ட மூதாட்டியர் நம் சபைக் குடும்பங்களில் உண்டு. "அம்மா இப்ப அம்மாவே இல்லை, ஐயா" என்று அழுத ஒரு மகனிடம் நான் இலக்கணம் பேசவில்லை. உறவினால் 'பர்சன்' அறியப்படுகிறார் என்றால், அந்த உறவின் ஒரு முனை தளர்ந்தாலும் மறுமுனை பற்றியிருக்கிறது. அவர் தம் பெயரை மறந்தார். அவரைப் பெயர்சொல்லி அழைத்தவர் மறக்கவில்லை. தாய் தன் பாலகனை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று ஏசாயாவின் வழியாக அவர் சொல்லியிருக்கிறார். மகன் நாள்தோறும் மாலையில் அருகே அமர்ந்து, "அம்மா" என்று அழைத்துக் கஞ்சி ஊட்டுகிறார். அழைப்பு அந்த வீட்டில் நின்றுபோகவில்லை.

வருகிற ஞாயிறு முதல் பரிந்துபேசும் ஜெபத்தில் 'வியாதியஸ்தர்', 'முதியோர்', 'வெளியூரில் வேலைசெய்வோர்' என்று பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி ஜெபிக்க விரும்புகிறேன். ஆராதனை சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டாரின் பெயர்களோடு, உங்கள் தறியிலும் கடையிலும் வயலிலும் வேலை செய்கிறவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதி, சனிக்கிழமை மாலைக்குள் ஆலயத்தில் கொடுங்கள். ஒடியாவிலோ இந்தியிலோ உள்ள பெயரானால், எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.