நிந்தவூரில் கட்டிய சோறு

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று கடந்து நிந்தவூர் வந்துவிடும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை வயல். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் நெருங்கி நெருங்கி வீடுகள். இந்தக் கரையோரத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கே சொந்தம். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே குசினியும் அவளுடையது. அதிகாலையில் சுபஹு பாங்கு சொல்ல முன்னரே அந்தக் குசினிகளில் வெளிச்சம் வந்துவிடும்.

வட்டைக்குப் போகும் ஆணுக்கு, கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு, கம்பஸ் விடுதிக்குத் திரும்பும் மகளுக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கோ சோறு கட்டுவார்கள். எங்கள் மூத்தம்மாவின் காலத்தில் சூடு மிதிக்கும் நாட்களில் ஆண்கள் கிழமைக்கணக்கில் வட்டை வாடியில் தங்குவார்களாம். அரிசி, தேங்காய், கருவாடு, உப்பு, புளி, மிளகாய் எல்லாம் அளந்து சாக்கில் போட்டு, முதல் இரண்டு நாளைக்குச் சமைத்த கறியும் கொடுத்துவிடுவாராம். எது எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

இந்த ஊரில் பிறந்து, சமூகவியல் படித்து, களப்பணி வேலை கிடைத்து, முதன்முதலாக ஐந்து நாள் பயணமாகப் பொத்துவில் பக்கம் புறப்பட்டபோது என் பையில் இருந்தது ஒரு பிஸ்கட் பக்கெட் மட்டுமே. யாரும் எனக்குக் கட்டித் தரவில்லை. எனக்கு நானே கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சோறு கட்டுகிற கை தனக்கு ஒரு பொதி கட்டிக்கொள்ளக் கூசுகிறது. "நான் எதையாவது பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லாத பெண்ணை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அந்த "எதையாவது" என்ன என்று ஐந்து நாளில் எனக்குத் தெரிந்தது. காலையில் மாலு பணிசும் பிளேன்டியும். பகலில் ஒன்றுமில்லை. தெருவோர ஹோட்டலுக்குள் ஆண்கள் நிறைந்திருப்பார்கள், தனியே போய் உட்காரும் பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெண்கள் போகக்கூடிய மலசலகூடம் எங்கே இருக்கும் என்று தெரியாததால் தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். நான்காம் நாள் சிறுநீர் எரிவு, ஐந்தாம் நாள் காய்ச்சல். கூட்டங்களில் பெண்களுக்குப் போஷாக்கைப் பற்றி விளக்கம் சொல்கிறவள் நான்.

திரும்பி வந்து படுத்திருந்த என்னைப் பார்த்து மூத்தம்மா சிரித்தார். பிறகு எழுந்துபோய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

அவர் சொல்லித் தந்ததில் முக்கால்வாசி ஈரத்தைப் பற்றியது. "சோறு ஆறாம மூடினா வேர்க்கும் புள்ள. வேர்த்த சோறு பகலுக்குள்ள நூல் விடும்." சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். வாழையிலையை நெருப்பில் வாட்டி, துணியால் துடைத்துவிட்டுக் கட்ட வேண்டும். தேங்காய்ப்பால் கறி பயணத்துக்கு ஆகாது. அரைத்த தேங்காய்ச் சம்பல் பகல் சாப்பாட்டுக்குள் புளித்துவிடும். சூரை மீனைக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் போட்டுச் சட்டியில் தண்ணீர் வற்றி ஒட்டும்வரை வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கருவாட்டை மொறுமொறு என்று பொரித்துக் கடதாசியில் எண்ணெய் ஒற்றி எடுத்தால் அதைவிடக் கூட நாள் தாங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே சீனிச்சம்பல். வெங்காயத்தை மெல்லிசாய் அரிந்து, அடுப்பைத் தணித்து, அவசரப்படாமல் வதக்க வேண்டும். செத்தல் மிளகாய், இடித்த மாசி, கறுவா, ஏலம், ரம்பை, கறிவேப்பிலை, கொஞ்சம் புளிக்கரைசல், கடைசியில் சீனி. எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வந்தால்தான் இறக்கலாம். நன்றாக ஆறிய பிறகு, அவித்துக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுத்தால் ஒரு கிழமைக்குப் பயமில்லை. பாணோ ரொட்டியோ எங்கே கிடைத்தாலும் அது ஒரு சாப்பாடாகிவிடும்.

மூத்தம்மாவின் விதிகளுக்குப் பின்னால் விஞ்ஞானமும் இருக்கிறது. சமைத்த சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாகாமல் தங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். திரும்பச் சூடாக்கினால் கிருமி செத்தாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே சோற்றைக் கட்டிய அன்று பகலே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அடுத்த நாளுக்கென்று சோறு கொண்டுபோகக் கூடாது.

எங்கள் பயணக் குழுவில் இன்னொரு பெண் இருந்தார். திருக்கோவில் பக்கத்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், 1990இல் கணவரை இழந்தவர். அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஒரே வாகனத்தில் போவோம், ஒரே கூட்டத்தில் பேசுவோம், ஒரே அறையில் படுப்போம். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்ததும் அவர் தன் பொதியோடு ஒரு மூலைக்கும் நான் என் பொதியோடு மறு மூலைக்கும் போய்விடுவோம்.

சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது என்று எழுதிக்கொண்டே இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்: எங்கள் இருவருக்கும் அது ஒரு வேலியாகவும் இருந்தது. எனக்கு ஹலால் ஒரு காரணம். அவருக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி ஒரு காரணம். இரண்டும் உண்மையான காரணங்களே. ஆனால் அவை மட்டும் காரணம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2006 செப்டம்பரில் பொத்துவில் பக்கத்து இரத்தல்குளத்தில் வேலைக்குப் போன 10 முஸ்லிம் ஆண்கள் உயிரோடு திரும்பவில்லை. அவர்களுக்கும் வீட்டில் யாராவது சோறு கட்டித்தானே கொடுத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்திலும் வட்டைக்குப் போய்த் திரும்பி வராத ஒரு மாமா இருக்கிறார். அவருடைய சாப்பாட்டு வாளியை உம்மா நெடுங்காலம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

இந்தப் பெயர்களில் எதையும் அக்காவும் நானும் ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. வேறு வேறு மூலையில் இருந்து சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

2014 டிசம்பரில் கோமாரிக்குப் போயிருந்தோம். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் உள்ள ஊர் அது. அங்கிருந்து வடக்கே போனால் சங்கமன்கண்டி முனை வரும், இலங்கைத் தீவின் கிழக்கு எல்லை அதுதான். கூட்டம் முடியும்போதே மழை கொட்டியது. தெருவை வெள்ளம் மேவிவிட்டது, பஸ் ஓடாது என்றார்கள். கடைகள் பூட்டு. கூட்டத்துக்கு வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளையும் வீட்டையும் பார்க்க ஓடிவிட்டார்கள். அவர்களிடம் போய்ச் சாப்பாடு கேட்கவும் மனமில்லை. நாங்கள் இருவரும் கூட்டம் நடந்த கட்டடத்திலேயே தங்கினோம்.

இரவு என் பொதியைப் பிரித்தேன். அன்று காலை எனக்கு நேரமாகிவிட்டது. மூத்தம்மா சொன்னது எல்லாவற்றையும் மறந்து, கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு, பக்கத்திலேயே பால்கறியையும் ஊற்றிக் கட்டியிருந்தேன். பகலில் கூட்டம் நீண்டதால் சாப்பிடவும் இல்லை. இலையைத் திறந்ததும் வாடை அடித்தது. மூடிவைத்துவிட்டுப் பசிக்கவில்லை என்றேன்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து துணி முடிச்சு ஒன்றை எடுத்தார். அவல், வறுத்துத் திரித்த பயற்றம்மா, பனங்கட்டி, ஒரு சின்னப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய். காவலாளியின் கேத்தலில் சுடுதண்ணீர் வாங்கி, மாவைப் பிசைந்து, இரண்டு பங்காக்கி, ஒன்றை என் மூலைக்குக் கொண்டுவந்தார். "இது வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, மச்சம் மாமிசம் ஒண்டும் படல்ல. நீங்க சாப்பிடலாம் தங்கச்சி" என்றார். அவர் என் மார்க்கத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது. பசியோ அந்த வெட்கத்தையும் விடப் பெரிதாக இருந்தது.

அந்த இரவில்தான் கேட்டேன், இப்படிக் கட்ட எங்கே பழகினீர்கள் என்று. கதிர்காம யாத்திரையில் என்றார். கிழக்குக் கரையோரமாக நடந்து வரும் அடியார்கள் திருக்கோவில், பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகன் கோயிலுக்குச் சேருவார்கள். அதற்கு அப்பால் குமண, யால காடு. உள்ளே நாட்கணக்காக நடக்கும்போது கடை கிடையாது. தூக்கிப் போவதைத்தான் சாப்பிட வேண்டும். பாரம் குறைவாக, பழுதாகாததாக, தண்ணீர் இருந்தால் போதும் என்கிற மாதிரி இருக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, எங்கள் வாடிச் சாக்கும் அவருடைய யாத்திரை முடிச்சும் ஒரே கணக்கில் கட்டியவைதான் என்று விளங்கியது. கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, அங்கே கொடியேற்றம் நடக்கிறது என்பதும் அன்று கதையோடு கதையாக வந்தது.

என் மச்சி மகள் ஒருத்தி மத்திய கிழக்கு விமான நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். விமானப் பணிப்பெண்கள் பலர் நான்கைந்து நாள் பயணத்துக்குத் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கட்டிக்கொண்டு போவார்களாம். நேரம் கெட்ட நேரத்தில் கிடைக்கும் உப்புக் கூடிய சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவராதாம். அவள் சொல்லித்தான் இதுவும் தெரியும்: இரண்டு விமானிகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருப்பது பல நிறுவனங்களில் வழக்கம். 1975 பெப்ரவரியில் ஜப்பானிய விமானம் ஒன்றில் பரிமாறிய இறைச்சி ஒம்லட்டால் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள். அதைத் தயாரித்த சமையற்காரரின் விரலில் புண் இருந்தது. விமானிகள் அதைச் சாப்பிடாததால் விமானம் பத்திரமாக இறங்கியது. விரலில் காயம் உள்ளவர் சோறு கட்டக் கூடாது என்பது மூத்தம்மாவின் விதிகளிலும் ஒன்று.

வீட்டுப் பணிக்காக வெளிநாடு போகும் சகோதரிகளுக்கும் இரண்டு வார்த்தை. ஊறுகாய், சம்பல் போன்றவற்றைக் கைப்பையில் வைக்க வேண்டாம். நீர்மமோ குழம்பு மாதிரியோ உள்ள எதுவும் 100 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தால் பெரும்பாலான விமான நிலையங்களில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். கசகசா எந்தப் பெட்டியிலும் வேண்டாம். அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு இராச்சியத்தில் அதற்குத் தடை இருக்கிறது. ஒரு சமையல் சாமானுக்காகச் சிறைக்குப் போக வேண்டாம்.

நான் இப்போது பொதிக்கு இலையும் துணியும்தான் பாவிக்கிறேன். பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் கடைகளில் கண்டிருக்கிறேன். அந்தக் குப்பை எங்கே போகிறது என்பது எங்கள் பகுதி ஆட்களுக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சோற்று வாசனைக்காகத்தான் அவை அந்தப் பைகளை விழுங்குகின்றன.

மூத்தம்மா இப்போது இல்லை. வாடிக்குப் போய்த் தங்குவோரும் குறைவு, அறுவடை இயந்திரம் சில மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடுகிறது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டதன் பிறகு கடல் எங்கள் கரையையும் அரித்துவருகிறது. கரைவலைக்காரரின் வாடிகள் நின்ற இடங்கள் சில இப்போது தண்ணீருக்குள்.

பயணம் மட்டும் தொடர்கிறது. முந்தின நாள் இரவே வெங்காயம் அரிந்து விடுவேன். மகள் பக்கத்தில் நின்று, "இது யாருக்கு உம்மா?" என்று கேட்டாள் ஒருநாள். எனக்கு என்றேன். மற்றப் போத்தல் யாருக்கு என்றாள். அது அக்காவுக்கு. அவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் நான் திருக்கோவில் வழியாகப் போகும்போதெல்லாம் தெருவுக்கு வந்து நிற்பார். அவருடைய போத்தலில் மாசி போடுவதில்லை, வெள்ளிக்கிழமையும் சாப்பிட வேண்டுமே. மாசி இல்லாத சீனிச்சம்பல் ஒரு சம்பலா என்று மூத்தம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பார். புளியைக் கொஞ்சம் கூட்டினால் சரியாக வருகிறது.