போனுக்கு ரெவ்யூ, வேட்பாளருக்கு?

ஸ்டார்ட்அப் என்றாலே யார் எவ்வளவு முதலீடு திரட்டினார்கள் என்றுதான் பேச்சு. நம்ம சென்னையிலேயே இரண்டு வழியும் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஜோஹோ, வெளி முதலீட்டாளர் இல்லாமலே வளர்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. என் ஓட்டு முதலாவதுக்கு. எழுதும் மென்பொருளையும் இப்படி யோசித்தே தேர்ந்தேன்: லிப்ரே ஆபீஸ். சந்தா தொல்லை இல்லை.

நிறுவனம், மென்பொருள் என்று எல்லாவற்றையும் அலசுகிற நாம், தேர்தல் வேட்பாளர் விஷயத்தில்தான் அசட்டை. போன் வாங்கப் பத்து ரெவ்யூ பார்க்கிறோம். 2002 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் வந்தாக வேண்டும். தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கிறது. அவர் என்ன சாதி என்று விசாரிக்கிற நேரத்தில் அதைத் திறந்து படிக்கலாமே!