படியில் விழுந்ததாகச் சொன்ன சாட்சி

ஒரகடத்தை ஒட்டிய கிராமம் அது. நிலம் சிப்காட்டுக்குப் போனபின் மிஞ்சிய மனையை ஓர் அம்மா தன் ஒரே மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தார். அவன் அதில் வரிசை வீடுகள் கட்டி, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டான், தாய்க்குத் திண்ணை. குடித்த இரவுகளில் அடி. அந்த வரிசையில் குடியிருந்த ஒரு பெண்தான் அந்த அம்மாவை வக்கீலான என்னிடம் கூட்டிவந்தாள். இவராக வந்திருக்க மாட்டார்.

"கேஸுன்னு போனா அவன் வேலை போயிடும் சார்" என்றார். அந்தப் பக்கத்தில் இது வீண்பயம் இல்லை. கான்ட்ராக்டில் ஆள் எடுக்கும்போதும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பதுண்டு. மகன் சம்பளம் நின்றால் இவர் சோறும் நிற்கும். நாளைக்குக் கொள்ளி வைக்கவும் அவன்தான். போதாததற்கு, புருஷனிடமும் அடிபட்டே காலம் தள்ளியவர். அடிப்பதைப் போய் ஒரு புகாராகச் சொல்வதா என்றுதான் நினைத்திருந்தார்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மருமகள்களுக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். தாய்க்கும் அது பொருந்தும். எஃப்.ஐ.ஆர். போடாமலே நடுவர் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அதை மீறினால்தான் குற்றம். எவ்வளவோ சொல்லியும் கோர்ட்டுப் படி ஏற மறுத்துவிட்டார்.

மிஞ்சியது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். மனு கோட்டாட்சியர் முன் போகும். 17-ஆம் பிரிவு வக்கீலை அனுமதிக்காததால் நான் வராந்தாவில் நின்றேன். ஏழைக்கு வக்கீல் செலவு வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் உள்ளே, மகன் பக்கத்தில் நிற்க, கை வீக்கத்தைப் பற்றிக் கேட்டபோது "படியில விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. இவர் பத்திரத்திலோ அன்பினாலும் பாசத்தினாலும் என்ற வழக்கமான வரி மட்டுமே. சமாதானம் என்று எழுதி மனுவை முடித்தார்கள். அவன் வண்டியிலேயே வீட்டுக்குப் போனார்.

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் கொடுத்தது என்றாலே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியதுதான் என்றது. இந்த அம்மாவுக்கு அது காலம் கடந்த தீர்ப்பு. நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது. ஆகவே எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள், ஆயுள்வரை அங்கே குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்கத் தவறினால் பத்திரம் ரத்து என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள்.