கண்ணுள் வினைஞர்

மதுரை மாநகரின் அங்காடித் தெருவைக் காட்டும் இடத்தில், மதுரைக்காஞ்சி ஆசிரியராகிய மாங்குடி மருதனார் பலவகைத் தொழிலாளரையும் நம் கண்முன் நிறுத்துகிறார். அவர்களுள் ஓவியரைக் குறிக்க அவர் ஆண்ட தொடர் 'கண்ணுள் வினைஞர்' என்பது. பார்ப்பவர் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் விரிக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தொடரை வகுப்பறையில் விளக்கியிருக்கிறேன். அதற்கு உரிய மனிதர் ஒருவரோடு நாள்தோறும் பழகும் பேறு, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு வாய்த்தது.

கும்பகோணத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழும் ஓவியர் அவர். 1850-ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே பயின்றவர் என் நண்பர். சில காலம் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிந்தார். இப்போது எண்ணெய் வண்ண ஓவியமே அவருக்குத் தொழிலும் இன்பமும் ஆகும்.

வைகறையில் எழுந்து நீராடி, ஒரு குவளை காப்பி அருந்தியதும், அவர் தம் அறையின் வடபுறச் சாளரத்தைத் திறப்பார். கதிரவன் ஒளி நேரே விழும் அறையில், காலையில் பொன்போல் தோன்றும் நிறம் நண்பகலில் வெளுத்துத் தோன்றும். நிழல்களும் இடம் பெயரும். வடபுறத்து ஒளி அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. ஆயினும் நம் நாட்டில் சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் கதிரவன் நம் தலைக்கு வடக்கே சாய்வான். அந்நாட்களில் அவர் சாளரத்தில் ஒரு வெள்ளைத் துணித்திரையைத் தொங்கவிடுவார். வானத்தின் போக்கை அறிந்து உழவன் ஏர் பூட்டுவது போல, ஓவியனும் வானத்தைப் பார்த்தே தொழில் தொடங்க வேண்டியிருக்கிறது.

அடுத்து வண்ணத்தட்டை எடுப்பார். வெள்ளை, மஞ்சட்காவி, செங்காவி, நீலம், பழுப்பு என ஐந்தாறு நிறங்களே அதில் இடம்பெறும். கறுப்பு இராது. "கறுப்பு இல்லாமல் நிழலை எவ்வாறு தீட்டுவீர்?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னை வாயிற்புறத்துக்கு அழைத்துச் சென்று, வேப்பமரத்தின் நிழலைக் காட்டி, "ஐயா, இந்த நிழல் கறுப்பா என்று நன்றாகப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். மண்ணின் செம்மையும் வானத்தின் நீலமும் அந்த நிழலில் கலந்து கிடந்தன. நீலத்தையும் பழுப்பையும் குழைத்து அவர் உண்டாக்கும் இருண்ட நிறத்தில் அந்த உயிர் இருந்தது. அறுபது ஆண்டுகளாக நான் மிதித்து நடந்த நிழல் அன்று எனக்குப் புதிதாயிற்று.

எண்ணெய் ஓவியம் அவசரக்காரர்க்கு உரியதன்று. முதலில் கித்தானை மரச்சட்டத்தில் இழுத்து அறைய வேண்டும். அதன்மேல் பசையும் வெள்ளைப் பூச்சும் இட வேண்டும். அப்பூச்சு இல்லாமல் எண்ணெய் நேரே துணியிற் பட்டால், காலப்போக்கில் இழைகள் இற்றுவிடும். வண்ணப் பொடியைத் தாங்கி நிற்பது ஆளிவிதை எண்ணெய். நாம் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் எத்தனை நாள் ஆயினும் இறுகாது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று, மெல்ல மெல்ல இறுகி ஆடைபோல் ஆகிவிடும். தண்ணீர் ஆவியாகிப் போவதால் உலர்வது வேறு; இது காற்றோடு கூடி உறுதி பெறுவது. மேற்புறம் தொட்டால் ஒட்டாத நிலையை அடையவே சில நாட்கள் ஆகும்.

ஆதலால் அடிப்பூச்சில் டர்பன்டைன் கலந்து எண்ணெயைக் குறைப்பர். மேலே செல்லச் செல்ல எண்ணெயைக் கூட்டுவர். இம்முறை மாறினால் மேற்பூச்சு முன்னே உலர்ந்துவிடும், அடிப்பூச்சு பின்னர் அசையும், ஓவியம் வெடிக்கும். ஓவியம் முடிந்து ஆறு திங்களேனும் சென்ற பின்பே, அதனைக் காக்கும் மெருகெண்ணெயைப் பூசுவது மரபு.

இக்கலையின் வரலாறும் நெடியது. ஆப்கானித்தானத்தில் பாமியான் மலைக்குகைகளில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியங்கள் சிலவற்றில் உலரும் எண்ணெய் கலந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிளாண்டர்சு நாட்டு ஓவியர் யான் வான் ஐக் இம்முறையை மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றார். அக்காலத்தில் ஓவியர் பொடியையும் எண்ணெயையும் தம் பட்டறையிலேயே அரைத்துக்கொள்வர். 1841-இல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் என்பார் தகரக்குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே வண்ணத்தைப் பையில் இட்டுக்கொண்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் செல்வது ஓவியர்க்கு எளிதாயிற்று. என் நண்பரும் வாரத்தில் இரண்டு நாள் காவிரிக் கரையில் அமர்ந்து தீட்டுவார். ஆடு மேய்க்கும் சிறுவர் சூழ்ந்து நின்று பார்ப்பர். அவரும் தூரிகையை நிறுத்தாமலே அவர்களோடு உரையாடுவார்.

இத்தகைய இன்பத்துக்கு இடையே வாழ்க்கையின் நெருக்கடியும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வணிகர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் உருவத்தைப் பழைய நிழற்படத்தைக் கொண்டு தீட்டித் தருமாறு கேட்டு, முன்பணமும் கொடுத்தார். அவ்வாண்டு நண்பரின் ஓவிய அறைக் கூரை பழுதுற்றிருந்தது. மழைக்காலத்துக்கு முன் அதனைச் செப்பனிட அப்பணம் மிகவும் வேண்டியிருந்தது. முகமும் தோள்களும் உருப்பெற்ற நிலையில் வணிகர் வந்து பார்த்தார். "அப்பாவை இவ்வளவு கறுப்பாகவா காட்டுவது? நல்ல சிவப்பாக மாற்றிவிடுங்கள். பத்து நாளில் திதி வருகிறது; அதற்குள் மெருகும் பூசித் தந்துவிட வேண்டும்" என்றார்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு அமைதியாக, "தங்கள் தந்தையார் வெயிலில் நின்று உழுது இந்தக் குடும்பத்தை வளர்த்தவர் என்று தாங்களே சொன்னீர்கள். அந்த வெயிலை அவர் முகத்திலிருந்து நான் எடுத்துவிட்டால், பிறகு இது யாருடைய படம்? ஈரம் உலராமல் மெருகு பூசினாலும் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். அதற்கும் நான் உடன்பட இயலாது" என்றார். முன்பணம் அன்றே திருப்பித் தரப்பட்டது.

அவ்வாண்டு ஐப்பசி மழை கடுமையாகப் பெய்தது. கூரை ஒழுகியது. முடிந்தனவும் முடியாதனவுமாக இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்களை என் புத்தக அறைக்குக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தோம். அந்த உழவர் முகமும் அவற்றோடு இருந்தது. இரண்டு திங்கள் என் ஏடுகளுக்கிடையே டர்பன்டைன் மணம் கமழ்ந்தது. "மனம் வருந்துகிறீர்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "கூரைக்காக வருந்துகிறேன், ஐயா, முகத்துக்காக இல்லை" என்றார்.

தை பிறந்த பின் வணிகரின் தாயார், மூதாட்டி, தம் பேரனைத் துணைகொண்டு அப்படத்தைப் பார்க்க வந்தார். அதன்முன் நெடுநேரம் நின்றார். "வயலிலிருந்து இப்போதுதான் வந்தவர்போல் இருக்கிறார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓவியம் முடிந்து நன்கு உலர்ந்த பின்னர் வணிகரே வந்து, பேசிய விலையைக் கொடுத்து வாங்கிச் சென்றார். கூடத்தில் அதனை மாட்டவில்லை. தாயாரின் அறையில் மாட்டினார். "அதுவே அதற்கு ஏற்ற இடம்" என்றார் நண்பர்.

ஓவியர் வாழ்வில் புகழும் பொருளும் ஒரே அளவாக வருவதில்லை. கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மா, எண்ணெய் ஓவியத்தில் தேர்ந்து, தம் காலத்திலேயே நாடெங்கும் புகழ் பெற்றார். தென்பிரான்சில் பிறந்த பால் செசான், வாழ்நாளின் பெரும்பகுதி ஏளனத்தையே பெற்றார். வொல்லார் என்னும் கலை வணிகரின் உருவத்தைத் தீட்ட, அவரை நூறு முறைக்கு மேல் அமரச் செய்தார் என்று அவ்வணிகரே எழுதியுள்ளார். முதுமையிலும் செசான் காலையில் தம் பட்டறையிலும், பின்னர் வெளியிடங்களிலும் அமர்ந்து தீட்டினார். தம் ஊருக்கு அருகிலிருந்த மலையையே மீண்டும் மீண்டும் வரைந்தார். வெளியே தீட்டிக்கொண்டிருந்தபோது மழையில் அகப்பட்டு நோயுற்றுச் சில நாட்களில் உயிர் நீத்தார். இரவிவர்மா மறைந்ததும் செசான் மறைந்ததும் 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிலேயாகும். ஒருவர்க்கு உலகம் முன்னே மாலை சூட்டியது. மற்றவர்க்குப் பின்னே சூட்டியது. காலையில் எழுந்து தூரிகையைக் கையிலெடுக்கும் இன்பம் மட்டும் இருவர்க்கும் பொதுவாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

மாலையில் ஒளி மங்கியதும் என் நண்பர் தொழிலை நிறுத்துவார். தூரிகைகளைத் துணியால் துடைத்து, டர்பன்டைனில் அலசி, பின் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரல்களால் நுனியைக் கூர்செய்து வைப்பார். எண்ணெய் தோய்ந்த துணிகளை நீர் நிறைந்த தகரப்பெட்டியில் இடுவார். உலரும் எண்ணெய் வெப்பத்தை உண்டாக்குமாதலால், குவித்து வைத்த துணி தானே தீப்பற்றவும் கூடும் என்பதை அவர் ஒருநாளும் மறப்பதில்லை. இவையனைத்தையும் அவர் செய்யும் பொறுமை, முகம் தீட்டும்போது காட்டும் பொறுமைக்குச் சிறிதும் குறைந்ததன்று.

எத்தொழிலாயினும் அதன் பெருமை, பிறர் காணும் பகுதியில் மட்டும் இருப்பதில்லை. காணாத அடிப்பூச்சு செம்மையாக இருந்தால்தான் மேற்பூச்சு நிலைக்கும். உண்மைக்கு மாறாக ஒரு கோடும் இழுக்கமாட்டேன் என்னும் உறுதியோடு, தம் தொழிலில் தாமே மகிழ்ச்சி கொள்பவர் எவரோ, அவர் செய்த பொருளே காண்பவர் கண்ணுக்குள் நின்று வாழும்.