தாமான் நெகாராவில் ஒரு சேவல்

புலியைப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் குடும்பத்தோடு தாமான் நெகாராவுக்குப் புறப்பட்டோம். பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் காடு அது. கோல தெம்பிலிங்கில் படகேறி, ஆற்றோடு கோல தஹான் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் காட்டுப் பாதையில் நடந்தோம். புலியும் இல்லை, யானையும் இல்லை. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு கூவல்! நம் வீட்டுச் சேவலைப்போல் இழுக்காமல், வெட்டினாற்போல் சட்டென நின்றது.

"ஆயாம் ஹுத்தான்" என்றார் வழிகாட்டி.

சிவப்பும் பொன்னுமாய், சாம்பல் நிறக் கால்களோடு, வாலடியில் வெண்மை பளிச்சிட ஒரு காட்டுச்சேவல் பாதையைக் கடந்து மறைந்தது.

"கோழியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றான் மகன்.

அம்மா மட்டும் நகரவில்லை. "பெரட்டுக்குப் போற நேரத்துல இந்தச் சத்தம் கேக்கும் அய்யா. தோட்டத்தோட இதுவும் போச்சுன்னு இருந்தேன்" என்றார். குரல் தழுதழுத்தது.

உலகில் மனிதன் வளர்க்கும் கோழிகளுக்கெல்லாம் மூதாதை இந்தச் செங்காட்டுக்கோழிதான். செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் இன்றும் மேய்கிறது. ஆனால், வீட்டுக்கோழியோடு கலப்பதால் அசல் இனத்துக்கு ஆபத்து.

அன்றிரவு மகன் பாட்டியிடம் தோட்டத்துக் கதை கேட்டான். அதுவும் முதல் தடவையாக!

வாசகர்களே, காட்டுக்குப் போனால் புலியைத் தேடுங்கள். சேவலுக்கும் கொஞ்சம் காது கொடுங்கள்.